துண்டில் சிக்கிய முடியை எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துவைத்து, காயவைத்து, மடித்து வைத்த துண்டு. குளித்துவிட்டு வந்து முகத்தைத் துடைத்தால் உதட்டோரம் ஏதோ நெளிகிறது. விரலால் தேடினால் ஒரு முடி. இழுத்தால் அதன் மறுமுனை இன்னும் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்த எரிச்சலை அனுபவித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே வரி: துண்டு காய்ந்திருக்கும்போது, துவைப்பதற்கு முன்னால், முடியை எடுத்துவிடுங்கள்.

துவைத்த பிறகும் முடி அப்படியே இருக்கிறதே, வாஷிங் மெஷின் சரியில்லையா?

மெஷின் மேல் குற்றமில்லை. துவைப்பது என்றால் அழுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு வெளியே அனுப்புவது. வியர்வை கரைந்துவிடும், எண்ணெய்ப்பசை சோப்போடு சேர்ந்து போகும், தூசி தண்ணீரில் கலந்து வெளியேறும். முடி கரையாது. நீளமாக வேறு இருப்பதால், தண்ணீர் வெளியேறும் துளைக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் எதையாவது சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொள்ள டர்க்கி டவலைவிட வசதியான இடம் கிடையாது. அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நூல் வளையங்கள் நெருக்கமாக நிற்கின்றன. தண்ணீரை உறிஞ்சுவது அந்த வளையங்கள்தான், முடியைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அவைதான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. முடிக்குத் திசை உண்டு. அதன் மேற்பரப்பு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். செதில்களின் விளிம்பு நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். அதனால் வேர் முனை முன்னால் போனால் முடி வழுக்கிக்கொண்டு போகும், நுனி முன்னால் போனால் செதில் தடுக்கும். சந்தேகமாக இருந்தால் உதிர்ந்த முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். நீங்கள் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தேய்ப்பீர்கள், முடி மட்டும் ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். மெஷினுக்குள் துண்டு புரளும்போதும் இதே கதைதான். மேலாகக் கிடந்த முடி, ஒவ்வொரு புரளலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. துவைத்து எடுக்கும்போது கிட்டத்தட்ட தைத்து வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

என்ஸைம் உள்ள சோப்புத்தூள் முடியைக் கரைத்துவிடாதா?

கரைக்காது. பல சோப்புத்தூள்களில் புரதத்தை உடைக்கும் என்ஸைம் இருப்பது உண்மைதான். ரத்தக்கறை மாதிரியானவை போவதற்கு அதுதான் உதவுகிறது. முடியும் கெரட்டின் என்ற புரதம்தான். ஆனால் கெரட்டினின் இழைகள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. ஒரு தடவை துவைக்கும் நேரத்துக்குள் அந்தப் பூட்டை என்ஸைம் திறந்துவிடாது.

சரி, துவைப்பதற்கு முன் என்னதான் செய்ய வேண்டும்?

முதலில் துண்டு நன்றாகக் காயட்டும். ஈரத்துண்டிலிருந்து முடி எடுப்பது வீண் வேலை. முடிக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் பசை மாதிரி இரண்டையும் ஒட்டி வைத்திருக்கும். முடியே தண்ணீரில் ஊறிச் சுமார் 15 சதவீதம் பருத்தும் போகும் (நீளம் 2 சதவீதம்கூடக் கூடாது, பருமன்தான்). காய்ந்தால் இரண்டு பிடியும் விட்டுப்போகும்.

காய்ந்த துண்டை வெளியே எடுத்துப் போய் உதறுங்கள். வீட்டுக்குள் உதறினால் முடி துண்டை விட்டுப் போய்ப் படுக்கையில் குடியேறும், அவ்வளவுதான். உதறுவது என்றால் பேருக்கு இரண்டு ஆட்டு ஆட்டுவதைச் சொல்லவில்லை. குட்டையான பக்கத்தின் இரண்டு மூலைகளைப் பிடித்து, சாட்டை சொடுக்குவது போல ‘டப்’ என்று சத்தம் வரும்படி ஏழெட்டு முறை. பிறகு மறுபக்க மூலைகளைப் பிடித்து அதே மாதிரி. முதலில் பிடித்திருந்த ஓரம் உதறலில் அசையவே இல்லை என்பதை யோசித்தால், பக்கம் மாற்றுவது ஏன் என்று புரியும்.

உதறியும் போகாததற்குக் கை வேலை. துண்டைத் தட்டையான மேசையில் விரித்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரே திசையில் வழித்து வாருங்கள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, விரல் பரிசோதனையில் பார்த்ததுபோல அது முடியை உள்ளே அனுப்பும் வேலை. வழிக்க வழிக்க முடியெல்லாம் திரி திரியாகச் சுருண்டு ஓரத்துக்கு வரும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் அருவருப்பாகவும் ரொம்பத் திருப்தியாகவும் இருக்கும்.

கையுறையை நனைக்க வேண்டுமா?

லேசாக ஈரம் இருந்தால் பிடிப்பு கூடும். நனைத்து, நன்றாக உதறிவிட்டுப் போட்டுக்கொண்டால் போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் துண்டு ஈரமாகி, விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். கையுறை இல்லாவிட்டால் கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரும் இதே வேலையைச் செய்யும்.

பசை ரோலர், பேக்கிங் டேப் எல்லாம் பயன்படுமா?

மேலாகக் கிடக்கும் முடிக்கு நன்றாகவே பயன்படும். ஆனால் வளையங்களுக்குள் போன முடியைப் பசை தொடவே தொடாது. பெரிய துண்டு ஒன்றுக்குத் தாள் தாளாகக் கிழித்துப் போடவும் வேண்டியிருக்கும். அவசரத்துக்குச் சரி.

நீள முடி நூலோடு பின்னிக்கொண்டுவிட்டது. இழுத்தால் வளையமும் கூடவே வருகிறது. என்ன செய்ய?

அந்த இடத்தில் இழுப்பதை நிறுத்துங்கள். இப்போது மறுமுனையைத் தேடுங்கள். முடி வேர் முனைப் பக்கமாகத்தான் சுலபமாக வழுக்கும் என்று பார்த்தோம் அல்லவா? தானாக உதிர்ந்த முடியின் வேர் முனையில் பெரும்பாலும் ஒரு சின்ன வெண்புள்ளி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்த முனையை முள்வாங்கியால் பிடித்து, துணியோடு ஒட்டினாற்போலச் சாய்வாக மெல்ல இழுத்தால் வந்துவிடும். புள்ளி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு முனை முரண்டு பிடித்தால் மறுமுனையை இழுத்துப் பாருங்கள்.

இரண்டு முனையும் வரவில்லையா? முடியை நடுவில் வெட்டி, இரண்டு துண்டாக எடுங்கள். துண்டின் நூல் வளையம் ஏற்கெனவே வெளியே நீண்டுவிட்டிருந்தால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். டர்க்கி டவலின் வளையங்கள் முடிச்சுப் போட்டவை அல்ல, ஒரே நூல் வரிசையாக ஏறி இறங்கி வளையமாகிறது. ஒன்றை இழுத்தால் பக்கத்து வளையங்கள் ஒவ்வொன்றாகத் தட்டையாகிக்கொண்டே போய் ஒரு கோடு விழுந்துவிடும். நீண்ட வளையத்தை மற்ற வளையங்களின் மட்டத்துக்குக் கத்தரியால் வெட்டிவிடலாம். துண்டு அவிழாது, பயப்பட வேண்டாம்.

மெஷினில் போடும்போது கவனிக்க வேண்டியவை?

திணிக்காதீர்கள். துண்டு தாராளமாகப் புரண்டு, தண்ணீர் அதன் ஊடாகப் பாய்ந்தால்தான் மிச்ச முடி பிரிந்து போகும். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் போட வேண்டாம். தண்ணீரைக் கூட்டும் வசதியும் கூடுதலாக ஒருமுறை அலசும் வசதியும் இருந்தால் துண்டுக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். துண்டுகளைத் தனியாகத் துவைப்பது இன்னும் நல்லது, இல்லாவிட்டால் துண்டின் முடியைக் கறுப்புச் சட்டை வாங்கிக்கொள்ளும்.

மேலே திறக்கும் மெஷினில் டிரம்மின் பக்கச் சுவரில் வலைப்பை போன்ற ஃபில்டர் இருக்கும். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் அதை உருவிக் காலி செய்யுங்கள். பை நிறைந்திருந்தால் அல்லது கிழிந்திருந்தால் முடி மறுபடி துணிக்கே வரும். முன்பக்கம் திறக்கும் மெஷினில் முடி சேரும் இடங்கள் இரண்டு: கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பு, கீழ் மூலையில் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டர்.

இந்த இரண்டாவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்ற ஒரு நாள், அப்படியொரு மூடி இருப்பதே அன்றுதான் கண்ணில் பட்டது. திறந்தேன். முதலில் தரை முழுக்கத் தண்ணீர். அப்புறம் ஃபில்டரோடு சேர்ந்து சுண்டுவிரல் தடிமனுக்கு முடியும் பஞ்சும் முறுக்கேறிய ஒரு கயிறு வந்தது, ஒரு சட்டைப் பொத்தானையும் கட்டி இழுத்துக்கொண்டு. மூன்று வருடச் சேமிப்பு! அதிலிருந்து மாதம் ஒருமுறை திறந்துவிடுகிறேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறிய பிறகு, கீழே ஒரு அகலத் தட்டும் பழைய துண்டும் வைத்துக்கொண்டு.

டிரையர் உதவுமா?

நன்றாக உதவும். ஆனால் துவைத்த பின் மட்டும் என்று நினைத்துக்கொள்வதால் பலருக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கிறது. துவைப்பதற்கு முன்னால் காய்ந்த துண்டுகளைச் சூடு இல்லாமலோ குறைந்த சூட்டிலோ ஒரு பத்து நிமிடம் டிரையரில் சுற்றவிடுங்கள். காற்று முடியை உறிஞ்சி ஃபில்டர் வலையில் சேர்த்துவிடும். கையால் உதறுவதையே இயந்திரம் நூறு மடங்கு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துவைத்த பின் மறுபடி டிரையரில் காயும்போது மிச்சம் மீதியும் போகும்.

ஒவ்வொரு முறையும் அந்த வலையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அடைத்துக்கொண்டால் காற்று ஓடாது, முடியும் போகாது. அதைவிட முக்கியம், சேர்ந்த பஞ்சு சுலபத்தில் தீப்பிடிக்கும்.

டிரையர் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. காற்றோட்டமான இடத்தில் கொடியில் போட்டு, பாதி காய்ந்ததும் ஒருமுறை, முழுக்கக் காய்ந்ததும் ஒருமுறை உதறினால் கிட்டத்தட்ட அதே பலன். இரண்டாவது உதறல் துண்டை மெத்தென்றும் ஆக்கும், வளையங்கள் நிமிர்ந்து நிற்குமே.

வினிகர் ஊற்றினால் முடி விட்டுவிடும் என்கிறார்கள்?

பாதி உண்மை. முடியை வினிகர் ஒன்றும் செய்யாது. உப்புத் தண்ணீரின் படிவும் அலசப்படாத சோப்பும் துண்டில் தங்கி நூலை விறைக்க வைக்கும், முடியையும் ஒட்டி வைக்கும். அந்தப் படிவை வினிகர் இளக்குகிறது. துண்டு விறைத்துப் போயிருந்தால் அலசும் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு துவைப்புக்கும் வேண்டாம், மெஷினின் ரப்பர் பாகங்களுக்கு அது நாளடைவில் ஆகாது. பிளீச்சோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சை அடைக்கும் நச்சு.

துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர்?

துண்டுக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. நிலைமின்சாரத்தைக் குறைப்பதால் முடி ஒட்டுவதும் கொஞ்சம் குறையும்தான். ஆனால் நூலின்மேல் வழுவழுப்பான ஒரு படலத்தைப் பூசித்தான் அதைச் செய்கிறது. அந்தப் படலம் தண்ணீரை உறிஞ்ச விடாது. துடைக்காத துண்டு எதற்கு?

பிளீச் முடியைக் கரைக்குமாமே, துண்டை அதில் ஊற வைக்கலாமா?

கரைக்கும் என்பது சரி. குளியலறைக் குழாய் அடைப்பில் முடியைக் கரைப்பதும் அந்த வகை ரசாயனங்கள்தான். ஆனால் முடியைக் கரைக்கும் அளவு செறிவும் நேரமும் கொடுத்தால் முதலில் சாயம் போகும், பிறகு பருத்தி நூலே இற்றுப்போகும். எட்டு முடிக்காக ஒரு துண்டைக் கொல்ல வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துண்டில் மட்டும் முடி இப்படி ஒட்டுவது ஏன்?

மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டர், பாலியமைடு இழைகளை மிக மெல்லியதாகப் பிளந்து செய்வது. தூசியைப் பிடிக்கவென்றே உருவான துணி, முடியை மட்டும் விட்டுவைக்குமா? போதாக்குறைக்கு நிலைமின்சாரம். பாலியெஸ்டரும் முடியும் உரசினால் ஒன்று எதிர்மின்னேற்றமும் மற்றது நேர்மின்னேற்றமும் பெற்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் குறைந்த நாட்களில் இது இன்னும் அதிகம்.

இங்கே மட்டும் ‘காய்ந்த துண்டில் எடு’ என்ற விதியைச் சற்றுத் தளர்த்தலாம். தண்ணீரை மெல்லிய தூவலாக ஒரே ஒருமுறை தெளித்தால் மின்னேற்றம் வடிந்துவிடும், பிறகு ரப்பர் கையுறையால் வழித்தெடுங்கள். மைக்ரோஃபைபரைப் பருத்தித் துண்டுகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், அவற்றின் பஞ்சையெல்லாம் இது வாரிக்கொள்ளும். அதிகச் சூடும் ஆகாது.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால்?

அதற்கென்று தனித்துண்டு. பேச்சே இல்லை. நாய், பூனைகளின் அடிமயிர் மனித முடியைவிட மிகவும் மெல்லியது, கட்டை. வளையங்களின் அடிவரை போய்ப் பஞ்சோடு பஞ்சாகிவிடும். அந்தத் துண்டைக் காயவைத்து, ரப்பர் கையுறையால் வழித்து, உதறி, தனியாகத் துவைத்து, முடிந்ததும் மெஷினைத் துணி போடாமல் ஒருமுறை அலசவிடுங்கள்.

பூனை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. தும்மல் வரவைப்பது பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம், முடி அதற்கு வாகனம் மட்டும்தான். எனவே முடி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகத் துவைக்காமல் விடக் கூடாது.

முடி வெட்டும்போது கழுத்தில் போட்ட துண்டு பல துவைப்புக்குப் பிறகும் குத்துகிறதே?

இருப்பதிலேயே மோசமான வகை இதுதான். வெட்டிய முடி அரை அங்குலம்தான் இருக்கும், இரண்டு முனையும் கூர். சுற்றிக்கொள்வதில்லை, ஊசி மாதிரிச் செருகிக்கொள்கிறது. பிடித்து இழுக்கவும் நீளம் போதாது. கவிழ்த்துப் போட்டு முதுகுப்பக்கம் தட்டுங்கள், முடி தானாகக் கீழே விழும். பிறகு வாக்குவம் கிளீனரைக் குறுகிய முனையோடு ஓட்டுங்கள். அப்படியும் மிச்சம் இருந்தால் அந்தத் துண்டை அந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுவது மேல். அடுத்த முறை டர்க்கி டவலுக்குப் பதில் வழுவழுப்பான பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

பிசிறு நீக்கும் மின்கருவியை ஓட்டலாமா?

நான் ஓட்டினேன். கம்பளிச் சட்டையில் அருமையாக வேலை செய்த கருவி, துண்டிலும் செய்யும் என்ற தைரியம். அரை நிமிடத்தில் உள்ளங்கை அளவுக்கு வளையங்கள் மொட்டையாகிவிட்டன. முடி பத்திரமாக அங்கேயே இருந்தது. அந்தத் துண்டு இப்போது மிதியடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

புதுத்துண்டிலிருந்து வருவது முடியா பஞ்சா?

ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். பஞ்சு என்றால் உருண்டையாகி, இழுத்தால் பிய்ந்துவிடும். முடி உருளாது, நெளிந்து நிமிரும். புதுத்துண்டு முதல் சில துவைப்புகள்வரை பஞ்சு விடும். அதுவரை தனியாகத் துவையுங்கள், அது தானாக அடங்கும்.

துண்டில் தினமும் நிறைய முடி. எனக்கு வழுக்கை விழப்போகிறதா?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். மூன்று நாளுக்கு ஒருமுறை தலை அலசுபவருக்கு மூன்று நாள் கணக்கும் அன்று ஒரே துண்டில் வந்து சேரும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். துண்டில் இருப்பது வெண்புள்ளி இல்லாத குட்டைத் துணுக்குகள் என்றால் முடி உதிரவில்லை, ஒடிகிறது. ஈரத்தலையைத் துண்டால் பரபரவென்று தேய்ப்பதை நிறுத்தி, ஒற்றி எடுத்துப் பாருங்கள். திடீரென்று கொத்துக் கொத்தாக வந்தாலோ தலையில் வட்டமாக இடம் காலியானாலோ தோல் மருத்துவரிடம் போங்கள்.

கைக்குழந்தையின் துண்டுக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. இந்தப் பக்கத்திலேயே விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத பதில் இது. துண்டிலோ காலுறையிலோ இருக்கும் ஒரு நீள முடி குழந்தையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டு, இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். முடி மெல்லியது என்பதால் வீங்கிய சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் கைவிரல், கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கி, அடியில் கயிறு கட்டியது போலப் பள்ளம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்க்கு முடி அதிகமாகக் கொட்டுவது இயல்பு, அதனால் அந்தச் சமயத்தில் குழந்தையின் துணிகளைத் திருப்பிப் பார்த்து, உதறிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

பேன் உள்ளவரின் துண்டை என்ன செய்வது?

வெந்நீரில் துவைத்து, அதிகச் சூட்டில் காயவையுங்கள். 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பேனும் ஈரும் சாகும். வெந்நீருக்கு வழியில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைப்பதில்லை.

முடி அதிகம் பிடிக்காத துண்டு எது?

வளையம் நீளமாக நீளமாகப் பிடி அதிகம். துண்டின் எடையை ஜிஎஸ்எம் என்று குறிப்பிடுவார்கள், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. 600-க்கு மேல் போகும் தடித்த, புசுபுசு துண்டு முடிக்குக் காடு மாதிரி. 300 முதல் 400 வரை உள்ளது லேசாக இருக்கும், சீக்கிரம் காயும், உதறினால் கேட்கும். வளையமே இல்லாமல் தட்டையாக நெய்த பருத்தித் துண்டில் முடி மேலாகவே கிடக்கும், ஒரே உதறலில் போய்விடும். புசுபுசுப்பு பிடிக்கும் என்பவர்கள் உடம்புக்கு அதையும் தலைக்குத் தட்டைத் துண்டையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குளிக்கப் போகும் முன் தலையை ஒருமுறை சீவிவிட்டுப் போனால் துண்டுக்கு வர வேண்டிய முடியில் பெரும்பங்கு சீப்பிலேயே தங்கிவிடும்.

எடுத்த முடியை எங்கே போடுவது?

குப்பைத்தொட்டியில். கையுறையை அப்படியே குழாயடியில் கழுவும் ஆசை வரும், கழுவாதீர்கள். வழித்த முடியை ஒரு காகிதத்தில் சுற்றிப் போட்டுவிட்டு, அப்புறம் கையுறையைக் கழுவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் ‘குளியலறைக் குழாய் அடைப்பை எடுப்பது எப்படி’ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.